ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: பழைய எதிரியைத் தேடும் வாசகருக்கு

கேள்வி: 2003-இல் பத்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நண்பர்களோடு ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடுவோம். மதில் கட்டுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். சென்ற மாதம் அதன் புதிய பதிப்பை வாங்கி ஆடினேன். அரை மணி நேரத்துக்குள் கணினியிடம் தோற்றுவிடுகிறேன். விதிகளை மாற்றிவிட்டார்களா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வயதின் மேல் பழி போட வேண்டாம். வளம் திரட்டி, ஊர் கட்டி, படை திரட்டி எதிரியை வெல்லும் இந்தக் கணினி விளையாட்டு என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனம் 1999-இல் உருவாக்கியது. அது 2019 நவம்பரில் ‘டெஃபனிட்டிவ் எடிஷன்’ என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் அடிப்படைக் கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. வளம் திரட்டும் ஆளான ஒரு கிராமவாசியை உருவாக்க இன்றும் 50 உணவும் 25 விநாடியும்தான். மாறியிருப்பவன் எதிரி. பழைய கணினி எதிரி கடினமான நிலைகளில் கூடுதல் வளங்களை இனாமாகப் பெற்றுக்கொண்டும்கூட ஐந்தாறு வீரர்களாக அனுப்பிச் சாகக் கொடுக்கும் அசடனாக இருந்தான். புதியவன் அந்த இனாம் எதுவும் இல்லாமலேயே கணக்கறிந்து ஆடுகிறான்.

இந்த வேலையைச் செய்த ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ குழுவினர், இதே விளையாட்டுக்கு ரசிகர்களாக இருந்து, அதோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதியான ‘இணைப்பு’ ஒன்றை உருவாக்கித் தொழிலுக்கு வந்தவர்கள் என்பதால், ஆடுபவருக்கு எரிச்சல் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று 60 மரம் செலவழித்து ஒரு வயல் போட்டால், 175 உணவு எடுத்ததும் அது தீர்ந்துபோகும். உழுதவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். சண்டையை விட்டுவிட்டு ஓடிவந்து நாம் அதை மறுபடி விதைக்க வேண்டும். 2000-இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ இணைப்பில், மாவு ஆலையில் மறுவிதைப்புக்கு முன்கூட்டியே மரம் கட்டிவைக்கும் வசதி வந்தது. இப்போதோ, மரம் இருக்கும்வரை வயல் தானாகவே விதைத்துக்கொள்கிறது. எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஓட்டத்தையே விளையாட்டென்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றுவதும் இயல்பு.

உங்கள் தோல்விக்குக் காரணம் மதில் என்றே கருதுகிறேன். இந்த விளையாட்டின் உயிர் முதல் சில நிமிடங்களில், கிராமவாசிகளை உருவாக்கும் நகர மையத்தைச் சும்மா விடாமல் ஆள் எடுத்துக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. இடைவிடாமல் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் 12 பேர்; தொடக்கத்தில் கிடைக்கும் மூவரோடு 15 பேர். அன்று நாம் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு கல் வெட்டி மதில் எழுப்பினோம், எதிரி அதைப் பொறுத்துக்கொண்டான். புதிய பதிப்பிலுள்ள ‘ஆர்ட் ஆஃப் வார்’ பயிற்சிகளில் முதலாவதை நான்கைந்து முறை ஆடிப் பாருங்கள். பதின்ம வயதில் நாம் ஆடியது வேறு விளையாட்டு என்பது புரியும். அதற்கு மனமில்லையென்றால், தனி ஆட்டத்தில் கணினியின் அறிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், 1999-ஆம் ஆண்டின் அந்தப் பழைய அசடனையும் வைத்திருக்கிறார்கள். அவனோடு ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: புதிய பதிப்பில் வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மை. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ இணைப்பில் நாம் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய ‘திராவிடர்’ என்றொரு நாகரிகம் சேர்க்கப்பட்டது; அதன் கிராமவாசிகளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வார்கள். முதலாம் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடும் தொடரும் உண்டு. உங்கள் ஊர்க்காரரின் கதை என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். குறை சொல்ல வேண்டுமென்றால், சிறப்புப் படைவீரனாக வரும் உருமி என்ற சுருள் வாள்காரன் நமக்குக் கேரளத்துக் களரியைத்தான் நினைவூட்டுகிறான். ஆடுவதற்கு அவன் அபாரமானவன் என்பதால் மன்னித்துவிட்டேன். வலுவான குதிரைப் படை இந்த நாகரிகத்துக்கு இல்லை, காலாட்படையையும் கப்பலையும் நம்பித்தான் ஆட வேண்டும் என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ‘ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்’ என்ற குறுக்குவழிச் சொற்களைத் தட்டினால் கார் வருமே, இன்னும் வருகிறதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வருகிறது, துப்பாக்கியோடு. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்காகவே நேற்றிரவு நான்கு கார்களை இறக்கி, ஒரு கோட்டையை இடித்துப் பார்த்தேன். கட்டடங்கள் இப்போது பொலபொலவென்று நிதானமாகச் சரிகின்றன.