எஃப்/8-க்கு மூடினால் படம் ஏன் வெளுக்கிறது?

கேமரா கேள்வி – பதில்

கேள்வி: கேனான் 700டி கேமராவில் எம்42 அடாப்டர் (பழைய திருகு லென்ஸை மாட்ட உதவும் வளையம்) போட்டு ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸ் மாட்டியிருக்கிறேன். ஏ.வி. மோடில் (லென்ஸ் துவாரமான அப்பர்ச்சரை நாம் வைப்போம், ஷட்டர் நேரத்தைக் கேமரா முடிவு செய்யும்) எஃப்/2 வைத்தால் ஷட்டர் 1/2000 வருகிறது, படமும் சரியாக இருக்கிறது. அதே சுவர், அதே வெளிச்சம், எஃப்/8-க்கு மூடினால் 1/40 வருகிறது, படம் வெளுத்துப்போகிறது. கேமராவுடன் வந்த கிட் லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸை விற்றவர், துவாரத்தை மூடும் பிளேடில் கோளாறு இருக்கும், சர்வீஸுக்குக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டு ஷட்டர் எண்ணையும் குறித்து எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. எஃப்/2-விலிருந்து எஃப்/8 நான்கு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும், ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும்: 1/2000, 1/1000, 1/500, 1/250, 1/125. ஆக, எஃப்/8-இல் 1/125 வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்ததோ 1/40. ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் ஓவர், அதாவது வெளிச்சம் அதிகம்.

பிளேடு சரியாக மூடாமல் இருந்தால் இப்படி ஆகாது. அடாப்டர் லென்ஸில் அப்பர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அந்த வெளிச்சத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. பிளேடு பாதியில் நின்றிருந்தால் அதற்கேற்ற வேகமான ஷட்டரைக் கேமராவே கொடுத்திருக்கும், படமும் சரியாக வந்திருக்கும். உங்கள் லென்ஸ் ஒழுங்காக மூடுகிறது. ஏமாறுவது மீட்டர்தான்.

உங்களுடையது போன்ற டி.எஸ்.எல்.ஆரில் மீட்டர் இருப்பது சென்சார் பக்கத்தில் இல்லை. மேலே, வியூஃபைண்டர் மேட்டுக்குள். லென்ஸ் வழியாக வரும் ஒளி உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியில் பட்டு, மேலே ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுகிறது. அந்த ஸ்கிரீனை ஒரு பக்கமாகச் சாய்வாகப் பார்த்துத்தான் மீட்டர் அளவு சொல்கிறது. பழைய ஃபிலிம் கேமராக்களில் இந்த ஸ்கிரீன் சொரசொரப்பான தேய்த்த கண்ணாடி. விழுந்த ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். ஆட்டோஃபோகஸ் காலத்து ஸ்கிரீன் அப்படி இல்லை. எஃப்/3.5, எஃப்/5.6 கிட் ஜூம் போட்டாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, ஒளியை அதிகம் சிதறவிடாமல் கண் இருக்கும் திசைக்கே அனுப்பும்படி செய்திருக்கிறார்கள். அப்பர்ச்சரை மூடும்போது ஒளிக்கற்றை ஒடுங்கி நேராகப் போய்விடுகிறது. ஓரத்திலிருந்து பார்க்கும் மீட்டருக்குக் கிடைப்பது உண்மையைவிடக் குறைவு. இருட்டாக இருக்கிறது என்று நினைத்து அது ஷட்டரை நீட்டுகிறது. வெளுப்பு வருவது இதனால்தான்.

கிட் லென்ஸில் இது தெரியாததற்குக் காரணம், அந்த லென்ஸ் எப்போதும் முழுதாகத் திறந்த நிலையிலேயே அளக்கப்படுகிறது. பட்டனை அழுத்திய பிறகுதான் அது மூடும். திறந்த அளவு என்ன என்பதையும் லென்ஸ் கேமராவுக்குச் சொல்லிவிடும், கேமரா அதற்குத் தகுந்த திருத்தத்தைப் போட்டுக்கொள்ளும். ஹீலியோஸுக்கு வாய் கிடையாது. திரையில் எஃப்00 என்று வருவது அதைத்தான் காட்டுகிறது.

இதற்கு நான் முதலில் சொல்லும் வழி லைவ் வியூ, அதாவது பின்பக்கத் திரையில் பார்த்து எடுப்பது. கண்ணாடி மேலே போய்விடும், அளப்பது சென்சாரே. ஸ்கிரீன் என்ற இடைத்தரகர் இல்லை. அதே சுவரை லைவ் வியூவில் எஃப்/8 வைத்துப் பாருங்கள், 1/125 கிட்டத்தில் வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில், லென்ஸை முழுதாகத் திறந்து அளந்து, ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு வளையத்தை எத்தனை ஸ்டாப் மூடுகிறீர்களோ அத்தனை ஸ்டாப் ஷட்டர் நேரத்தை நீட்டுங்கள். மூடிய பிறகு மீட்டர் என்ன சொன்னாலும் அதைக் கேட்காதீர்கள். வெயிலில் கணக்கே வேண்டாம்: எஃப்/16, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 அல்லது 1/125. ஃபிலிம் பெட்டிக்குள் அச்சிட்டு வந்த அதே விதி இன்றும் பொய்க்கவில்லை.

ஏ.வி. மோடை விட மனமில்லை என்றால், நிழலில் ஒரே சீரான சுவரை எஃப்/2 முதல் எஃப்/16 வரை எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு மைனஸ் காம்பன்சேஷன் (வெளிச்சத்தைக் குறைக்கும் திருத்தம்) தேவைப்படுகிறது என்று ஒரு சீட்டில் எழுதி லென்ஸ் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அது உங்கள் கேமராவுக்கு மட்டுமே பொருந்தும். நண்பரின் கேமராவில் வேறு கணக்கு வரும்.

ஹீலியோஸ் 44-2 வாங்கிய எல்லோருக்கும் ஒரு வார்த்தை. அதில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். முன்னால் எண் எழுதியது 'டிக் டிக்' என்று நிற்கும். அது எல்லையை மட்டும்தான் குறிக்கும். நிஜமாகத் திறந்து மூடுவது பின்னால் இருக்கும், சத்தமில்லாமல் வழுக்கிப் போகும் வளையம். எண்ணை மட்டும் எஃப்/8-க்குத் திருப்பிவிட்டு, மற்றதைத் திறந்தபடி விட்டால் படம் முழுக்க எஃப்/2-வில்தான் வரும். லென்ஸுக்குள் எட்டிப் பார்த்து, பிளேடு நகர்கிறதா என்று கண்ணாலேயே உறுதிசெய்யுங்கள்.

சிப் வைத்த அடாப்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிப் கேமராவிடம் எஃப்/1.4 என்றோ எஃப்/2 என்றோ ஒரு எண்ணைச் சொல்லும். கேமராவின் டயலை அந்த எண்ணிலேயே விட்டுவிடுங்கள். டயலை எஃப்/8-க்குத் திருப்பினால், லென்ஸை நான் மூடப்போகிறேன் என்று நம்பி கேமரா ஷட்டரை நீட்டிவிடும். மூட ஆள் இல்லை. படம் பால் வெள்ளையாக வரும்.

கேள்வி: என் நிக்கான் டி5600-இல் அப்பாவின் 50 மி.மீ. ஏ.ஐ.-எஸ். லென்ஸைப் போட்டால் ஷட்டரே அடிக்கவில்லை. எம் மோடில் அடிக்கிறது, ஆனால் மீட்டர் வேலை செய்யவில்லை. கேமரா பழுதா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: பழுது இல்லை, அம்மா. 1977-இல் வந்த ஏ.ஐ. முறையில் (உங்கள் ஏ.ஐ.-எஸ். லென்ஸும் இதே வழிதான்), லென்ஸ் வளையத்தின் விளிம்பு கேமரா வாயோரம் உள்ள ஒரு சிறு நாக்கைத் தள்ளி அப்பர்ச்சரைச் சொல்லும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த நாக்கை வைக்கவே இல்லை, டி7500-இலும் எடுத்துவிட்டார்கள். டி7000, டி7100, டி7200, டி750 ஆகியவற்றில் உண்டு. உங்களுக்கு எம் மோடும் ஹிஸ்டோகிராமும்தான் துணை. ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரியும், அதை நம்பலாம். அப்பாவின் பெட்டியில் 1977-க்கு முந்தைய, ஏ.ஐ.க்கு மாற்றாத லென்ஸ் இருந்தால் உங்கள் கேமராவில் போடலாம். நண்பரின் டி7200-இல் போட்டுப் பார்க்காதீர்கள், அந்த நாக்கு உடையக்கூடும்.

கேள்வி: சோனி ஏ6400-இல் பழைய 135 மி.மீ. லென்ஸ். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) சரி, ஆனால் மாலையில் எல்லாப் படமும் ஆடுகிறது. — வாசகர், தஞ்சாவூர்

பதில்: உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே அளப்பதால் எக்ஸ்போஷர் ஏமாறுவதில்லை. ஆனால் லென்ஸ் 135 மி.மீ. என்று கேமராவுக்குத் தெரியாது. ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் அது 1/60-ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறது. ஏ.பி.எஸ்.-சி என்ற சிறிய அளவு சென்சாரில் 135 மி.மீ.க்கு அது போதவே போதாது. மெனுவில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வின் குறைந்தபட்ச ஷட்டரை 1/250 ஆக்குங்கள்.

கேள்வி: சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. எக்ஸ்போஷர் கெடுமா? — வாசகர், கோவை

பதில்: லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமராவில் கெடாது, மஞ்சள் விழுங்கும் ஒளியும் கணக்கில் வந்துவிடும். கையில் பிடிக்கும் மீட்டரையோ வெயில் விதியையோ நம்பினால் கொஞ்சம் அண்டர் ஆகும், அதாவது படம் இருண்டுவிடும். அந்த லென்ஸில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, அதன் கதிர்வீச்சே கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. புற ஊதா ஒளி பட்டால் நிறம் தெளியும். ஜன்னலோர வெயிலில் சில நாட்கள் வையுங்கள். அடியில் அலுமினியத் தாள் விரித்து வையுங்கள். காகிதம், திரைச்சீலை எதுவும் பக்கத்தில் கூடாது, லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பற்ற வைத்துவிடும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.