மூன்று டிக்கெட்டையும் ரத்து செய்தது யார்?

கேள்வி: டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன், மத்திய அரசு வேலை. அப்பா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதமாகிறது. கும்பகோணத்தில் தம்பி பார்த்துக்கொள்கிறான். மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். ஆனாலும் போனில் எரிந்து விழுகிறான். சுயநலக்காரன், அப்பா மேல் அக்கறையே இல்லை. நானும் மூன்று முறை டிக்கெட் எடுத்து, கேன்சல் செய்ய வேண்டியதாகிவிட்டது. ராத்திரியில் தூக்கமே இல்லை. தம்பியைத் திருத்த என்ன வழி?

பதில்: தம்பி கதை இருக்கட்டும். "கேன்சல் செய்ய வேண்டியதாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, யாரால் ஆகிவிட்டது? லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. மூன்று முறையும் ரத்து செய்தது நீங்கள்தான்.

தாங்க முடியாததைப் பார்க்காமலிருக்க மனசு தானாகப் போட்டுக்கொள்ளும் வேலியைத் தற்காப்பு உத்தி என்பார்கள். தெரிந்தே சொல்லும் பொய் இல்லை அது. அப்பா விழுந்த முதல் வாரத்தில் அந்த வேலி உங்களைத் தாங்கியிருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு மாதம்! நமக்குள் இருப்பதை நம்மாலேயே சகிக்க முடியாமல் அடுத்தவர் தலையில் ஏற்றுவது அதில் ஒரு வகை. அக்கறை இல்லை என்ற பழி யாரைச் சுட வேண்டியது, யார் மேல் போய் விழுந்திருக்கிறது, பாருங்கள். தினமும் மலமும் மூத்திரமும் அள்ளுகிறவன் எரிந்து விழுந்தால் அதற்குப் பெயர் அலுப்பு. பணம் அனுப்புவது பிள்ளையின் கடமையில் பாதிகூட ஆகாது என்பது என் எண்ணம்.

இந்த உத்திகளை வகைப்படுத்தி 1936இல் புத்தகம் எழுதியவர் உளவியல் அறிஞர் அன்னா ஃப்ராய்ட். அவர் அப்பா சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923இலேயே வாயில் புற்றுநோய். 1939இல் அவர் இறக்கும்வரை பக்கத்திலிருந்து பணிவிடை செய்ததும் அந்தப் பெண்தான். எனக்கு அந்தப் புத்தகத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

கோணிப்போன அப்பாவின் முகத்தைப் பார்க்க உங்களுக்குப் பயம். பயப்படுங்கள், தப்பில்லை. பயந்துகொண்டே போங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இரண்டு ராத்திரி, அப்புறம் கும்பகோணம். பத்து நாள் தம்பிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அப்பாவை நீங்கள் குளிப்பாட்டுங்கள். தூக்கமில்லாமல் ரொம்பத் தவித்தால் இன்றைக்கே 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

டிக்கெட் எடுத்த கையோடு தேதியைத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அப்பா காதிலும் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் ரத்து செய்ய உங்களுக்குக் கை வராது.