விண்வெளி நிலைய வீடியோவில் இலங்கைக்கு மேலே தெரியும் பச்சைக் கோடு துருவ ஒளியா? ஹட்டனில் இருந்து பார்க்கலாமா?

இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். ஹட்டனை விடுங்கள், பிதுருதலாகலை உச்சியில் நின்றாலும் துருவ ஒளி தெரியாது. 'இன்றிரவு இலங்கை வானில்' என்று தம்நெயில் போடுகிறவர்களை நம்பிப் பனியில் விறைக்க வேண்டாம்.

நீங்கள் பார்த்தது காற்றொளிர்வு. நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து பூமியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், 90 - 100 கிலோமீற்றர் உயரத்தில் மெல்லிய பச்சைப் படலம் எந்த நாட்டுக்கு மேலும் தெரியும். பகலில் புறவூதாக் கதிர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிரித்துவிடுகிறது; இரவில் அணுக்கள் திரும்பச் சேரும்போது வெளிவரும் சக்திதான் அந்த ஒளி. துருவ ஒளியின் பச்சையும் இதே 557.7 நனோமீற்றர்தான், அதனால்தான் குழப்பம். கோடு அறுபடாமல் ஒரே சீராக இருந்தால் காற்றொளிர்வு. திரைச்சீலை மாதிரி மடிந்து, அசைந்து, மேலே சிவப்பாக எழுந்து நின்றால் துருவ ஒளி.

துருவ ஒளிக்குக் காரணம் வேறு. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியருக்கே பஞ்சம். பிள்ளைகள் கைக்கு வருவது போட்டோகொப்பிக் குறிப்பு. அதில் 'சூரியத் துகள்கள் துருவத்தில் நேராக விழுகின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியல்ல. செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவில் வரும் சூரியக் காற்று, பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுக்கிறது. அந்த வாலில் புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது இலத்திரன்கள் பூமியை நோக்கித் தள்ளப்படுகின்றன. சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் இன்னொரு முறை முடுக்கம் பெற்று, 1 முதல் 10 கிலோ இலத்திரன் வோல்ற்று சக்தியோடு, புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கி வளிமண்டலத்தில் மோதுகின்றன. விழும் இடம் துருவப் புள்ளி அல்ல, அதைச் சுற்றிய வளையம்.

நிறம் உயரத்தைப் பொறுத்தது. கிளர்ந்த ஒட்சிசன் அணு பச்சை ஒளியை விட முக்கால் செக்கன் போதும். சிவப்புக்கு (630 நனோமீற்றர்) ஏறத்தாழ 110 செக்கன் வேண்டும். கீழே காற்று அடர்த்தி, அதற்குள் வேறொன்று வந்து இடித்துச் சக்தியைப் பறித்துவிடும். அதனால் பச்சை 100 - 150 கிலோமீற்றரிலும் சிவப்பு 200க்கு மேலும் நிற்கிறது. அடி ஓரத்தின் ஊதாச் சாயல் நைதரசனுடையது. நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகைச் சாய்வு, அதைத் தாண்டித் துருவப் பக்கம் போகாது. ஆனால் தென் காந்தத் துருவம் அவுஸ்திரேலியப் பக்கமாகத் தள்ளியிருப்பதால், அந்நாட்டுக்குத் தெற்கே போகும்போது வளையம் நன்றாக அகப்படும்.

நமக்கு ஏன் இல்லை என்பதை ஒரு ஊசியே காட்டும். தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டிச் சமமாகத் தொங்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். பிறகு முடிச்சு அசையாமல், பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது தடவை தேயுங்கள். காந்தமாக்கிய பின் சமப்படுத்தினால் சோதனையே வீண். லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே செய்யாதீர்கள், இரும்பு இழுக்கும், வெளியே வாருங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு நம்மை ஒட்டிப் போவதால் புலக்கோடுகள் தலைக்கு மேல் படுத்துக் கிடக்கின்றன. துகள் இறங்கி வரப் பாதை இல்லை. நோர்வேயின் வடக்கில் இப்படி மேலும் கீழும் சாயக்கூடிய ஊசி ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும்.

"2024 மே மாதம் லடாக்கில் தெரிந்ததே" என்று சண்டைக்கு வருவீர்கள். தெரிந்தது. ஆனால் அது தெரிந்த லடாக்கின் ஹன்லே வடக்கே 32 பாகைக்கும் மேலே. அங்கும் வடதொடுவானத்தில் மங்கிய சிவப்புத்தான். 1872 பெப்ரவரி 4 காந்தப் புயலின்போது பம்பாயில் பார்த்ததாகவும் பதிவு உண்டு. ஹட்டன் 7 பாகைக்குள்.

காற்றொளிர்வை இங்கிருந்தே படம் பிடிக்கலாம். பெப்ரவரி அமாவாசை இரவு, முக்காலி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 25 செக்கன். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வினில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கெமரா பச்சையைத் துடைத்துவிடும். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். நிறம் பனிமூட்டத்தோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் அது டவுன் விளக்கு.