நாலு வயதுப் பிள்ளையின் டப்பாவில் கிளிஞ்சல், சாமிக் கயிறு, குண்டுமணி: எதை விடுவது, எதை எடுப்பது?

கேள்வி சுருக்கமாக: சென்னை காசிமேட்டில் ஒரே அறை வீடு. நாலு வயது மகன் பிஸ்கட் டப்பாவில் கிளிஞ்சல், பிள்ளையாரின் குண்டுமணிக் கண், அறுந்த ஜெபமாலையின் மணிகள், மசூதி வாசலில் ஓதிக் கட்டிய கறுப்புக் கயிறு, ஏற்றாத சூடம் எல்லாம் சேர்த்து வைக்கிறான். வீட்டில் தவழும் கைக்குழந்தையும் உண்டு. "சாமி சாமானைக் கால் படுற இடத்துல போட்டா சாமி கண்ணைக் குத்தும்" என்கிறார் ஆயா. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அதில் இரண்டு மூன்று பொருள் மட்டும் இன்றைக்கே வெளியே வர வேண்டும். அதையும் பிள்ளை தூங்கும்போது எடுக்காதீர்கள். பகலில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அவனையே கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். தெரியாமல் எடுத்தால் அடுத்த டப்பாவை உங்கள் கண்ணில் படாத இடத்தில் வைப்பான். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறதென்றே உங்களுக்குத் தெரியாது.

முதலில் எடுக்க வேண்டியது சூடம். வில்லைச் சூடம் பார்க்க பெப்பர்மின்ட் மிட்டாய் போலவே இருக்கும், வாசனையும் இழுக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் கூட உயிருக்கு ஆபத்து. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நடுவில் வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சூடப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது குண்டுமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த இந்த விதைக்குள் அப்ரின் என்ற கடும் விஷம் இருக்கிறது. தோடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ, மாலை கோக்க ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தாலோ விஷம் உடம்பில் இறங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு தெரிய பல மணி நேரம் ஆகலாம். அதனால் 'நன்றாகத்தானே விளையாடுகிறான்' என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரைக் கடலில் கரைக்கக் கொண்டுபோகும் முன், பெரியவர் யாராவது இரண்டு கண்ணையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருஷம் கண்ணை மையால் எழுதிவிடலாம். தொப்பையில் பதித்த காசை நினைவாக அவனுக்குக் கொடுங்கள், ஆனால் கைக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது, பட்டன் பேட்டரி. கொலு, கார்த்திகைக்கு வாங்கும் எல்இடி அகல்விளக்கு, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் சின்ன மெழுகுவர்த்தி விளக்கு, திருவிழாக் கடையில் விற்கும் மின்னும் வளையல், எல்லாவற்றிலும் இது இருக்கலாம். இருபது மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். வெளிச்சம் போன பேட்டரியிலும் அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி (இரண்டு டீஸ்பூன்) தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கிளம்புவதைத் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. எக்ஸ்ரேயில் காசு போலத் தெரியக்கூடும் என்பதால், பேட்டரி விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்கும்போதே பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்கிற பொருள் வீட்டுக்குள் வர வேண்டாம். குட்டிக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டு விழுங்கினால் குடலின் இரு மடிப்பை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும்.

மற்றதை அளவு பார்த்து முடிவு செய்யலாம். சார்ட் அட்டையைச் சுருட்டி உள்விட்டம் 32 மில்லிமீட்டர் வருகிற குழாயாக ஒட்டுங்கள். அதற்குள் போகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. நம் ஒரு ரூபாய் முதல் பத்து ரூபாய் வரை எல்லாக் காசும் உள்ளே போகும், ஜெபமாலை மணியும் போகும். பெரியவன் எதையும் வாயில் போடுகிற பழக்கம் விட்டவன் என்றால் அவன் வைத்துக்கொள்ளலாம். நிஜமான ஆபத்து தரையில் தவழுகிற சின்னதுக்குத்தான். பிஸ்கட் டப்பா மூடி தட்டினால் திறந்துவிடும். திருகு மூடி போட்ட அகலவாய் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஒரே அறை வீட்டில் தனி இடம் கிடைக்காது, சுவரில் பெரியவர் தோள் உயரத்தில் ஒரு பலகை அடித்தால் போதும். கேட்டதும் எடுத்துத் தர வேண்டும். பாய் விரித்து, சின்னது தூங்கும் நேரத்தில் விளையாடி, எண்ணி உள்ளே போட்டு மூடட்டும்.

கயிறும் தாயத்தும் டப்பாவில் இருப்பது நல்லதுதான், கழுத்தில் இருப்பதுதான் கவலை. தூங்கும்போது கழுத்துக் கயிறு இறுக்கலாம். மந்திரித்த கயிறென்றால் கட்டியவரிடமே சொல்லி இடுப்புக்கோ கைக்கோ மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், இரண்டு விரல் நுழையும் தளர்வோடு. உலோகம் எதுவென்று தெரியாத தாயத்தைச் சப்ப விடாதீர்கள். சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும்.

கிளிஞ்சல் அவனுடைய முதல் சொத்து, அதை முழுசாக அவனிடம் விடுங்கள். ஆனால் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே சங்குப்பூச்சியோ துறவி நண்டோ உயிரோடு இருந்தால் அன்றைக்கே கடலில் விட்டுவிட வேண்டும். வீட்டில் செத்தால் நாற்றம் போகாது. கூம்பு வடிவச் சங்கை உயிரோடு கையில் எடுக்கவே கூடாது, கொட்டும். காலி ஓட்டை ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். வினிகரோ எலுமிச்சையோ ஊற்றினால் ஓடு கரைந்து மினுக்கம் போகும், கிளிஞ்சல் முழுக்கச் சுண்ணாம்புதான். எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் படர்ந்த கரை இது. ஓட்டிலோ காலிலோ தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். படகுத்துறைப் பக்கம் பொறுக்கும்போது தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் மணலில் கிடக்கும், செருப்பில்லாமல் விடாதீர்கள்.

இனி ஆயா சொல்வது. சாமி சாமான் காலில் படக் கூடாது என்பது அவருடைய பக்தி, அதை மதிக்க வேண்டும். பாட்டில் மேலே பலகையில் போய்விட்டால் அந்தக் குறை தீர்ந்தது. சாமி கண்ணைக் குத்தும் என்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், பிள்ளை இல்லாத நேரத்தில், மரியாதையாக. இந்த வயதுப் பிள்ளைகள் தப்புக்குத் தண்டனை தானாகவே வந்து விழும் என்று நம்புவார்கள். பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1932-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மறுநாள் கண்ணில் தூசி விழுந்தாலோ தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலோ 'என்னாலதான்' என்று உள்ளுக்குள் நடுங்குவான், வெளியே சொல்ல மாட்டான். "இது சாமிது, ரெண்டு கையால எடுடா கண்ணு" என்று சொன்னாலே போதும், மரியாதை வந்துவிடும்.

கிளிஞ்சலையோ பிடித்த காசையோ உண்டியலில் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனாலும் ராயபுரம் புனித பீட்டர் தேவாலயத்துக்குப் போனாலும் காணிக்கைக்கென்று வேறு காசு கையில் கொடுங்கள். அங்கிருந்து மெழுகுவர்த்தித் துண்டு எதையாவது எடுத்து வந்திருந்தால், அடுத்த முறை கூட்டிப்போய் அவன் கையாலேயே திரும்ப வைக்கச் செய்யுங்கள். திருட்டு என்ற சொல் வேண்டாம்.

பழசானதைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வராது, போடவும் வேண்டாம். அறுந்த கயிறையும் காய்ந்த பூவையும் மரத்தடியில் போடலாம். அர்ச்சித்த ஜெபமாலை உடைந்தால் எரிப்பதோ புதைப்பதோ வழக்கம். குருத்தோலைச் சிலுவையைச் சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஓதிய எழுத்துள்ள தாயத்தைத் துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எதாவது தொலைந்துபோனால் "சாமி எடுத்துக்கிச்சு" என்று சொல்லாதீர்கள். தான் பிரியமாக வைத்ததை எல்லாம் சாமி பிடுங்கும் என்றுதான் அவனுக்குப் புரியும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவார் என்று நம்பி அரண்மனைக்காரன் தெரு அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்கிற வீடு என்றால் வேண்டிக்கொள்ளட்டும். கிடைத்தே தீரும் என்று மட்டும் நீங்கள் வாக்குக் கொடுக்காமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு அவனோடு கட்டிலடியில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதே மாதிரி வேறொன்றை ரகசியமாக வைத்துவிடாதீர்கள். தன் கிளிஞ்சலின் கீறல் வரைக்கும் அவனுக்குத் தெரியும்.