மறு: பிரிட்டனிலும் மன்னர், சவுதியிலும் மன்னர், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

வணக்கம் சகோதரி. "ரெண்டு நாட்டிலும் ராஜா இருக்கும்போது பிரிட்டனை மட்டும் ஏன் ஜனநாயகம்னு சொல்றாங்க?" என்று உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. தயவுசெய்து அவளை மனப்பாடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கிரீடம் யார் தலையில் என்பதை விடுங்கள். ஆள்பவரை யாரால் மாற்ற முடியும் என்று கேட்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் 2024 ஜூலைத் தேர்தலில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கின் கட்சி தோற்றது. மறுநாளே சுனக் அரண்மனைக்குப் போய் மன்னர் சார்லஸிடம் பதவி விலகல் கொடுத்தார். ஜெயித்த கட்சியின் தலைவர் ஸ்டார்மரை மன்னர் பிரதமராக நியமித்தார். தன் விருப்பத்துக்கு வேறொருவரைப் போட அவரால் முடியாது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்த கடைசி ஆட்சியாளர் அரசி ஆன். அது நடந்தது 1708இல்! சவுதியிலும் ஷூரா சபை என்று ஒன்று இருக்கிறது, 150 உறுப்பினர்கள். அத்தனை பேரும் மன்னர் நியமித்தவர்கள், சபையின் வேலை ஆலோசனை சொல்வது.

இதையும் மறக்காமல் சொல்லுங்கள்: 1947இல் சுதந்திரம் வந்த பிறகும், 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி இந்தியாவுக்கு பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். என் மகனுக்குக் 'குடியரசு' (மன்னர் இல்லாத நாடு) என்ற சொல் இதைச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

அடுத்து ஜப்பானை அவளிடமே கொடுத்துப் பாருங்கள். அங்கே பேரரசரும் உண்டு, தேர்தலும் உண்டு.