ரூட் பாஸ் விரிசல்: ராடை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கடலூர் சிப்காட்டில் குழாய் வேலை எடுத்துச் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "8 அங்குல விட்டமும் 12.7 மி.மீ. தடிமனும் உள்ள ஏ106 கிரேடு பி கார்பன் எஃகுக் குழாய்களில் 6010 வெல்டிங் ராடால் ரூட் (ஜாயின்டின் அடியில் வரும் முதல் அடுக்கு) போட்டு, 7018 ராடால் நிரப்புகிறோம். மாலையில் ரூட் முடித்த சில ஜாயின்ட்களில் மறுநாள் காலை விரிசல் தெரிகிறது. மழைக்காலம் என்பதால் இரண்டு ராடுகளையும் ஓவனில் நன்றாகச் சூடாக்கியே பயன்படுத்துகிறோம். ராடை மாற்றலாமா?"

ராடை மாற்ற வேண்டாம். முதலில் வேலையை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். ரூட் பாஸின் தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ. தான். குழாய்ச் சுவரில் கால் பங்குகூட இல்லாத அந்த மெல்லிய உலோகம், குளிரும்போது ஏற்படும் சுருக்க இழுவையையும் குழாயின் எடையையும் இரவு முழுவதும் தனியாகத் தாங்குகிறது. செயின் பிளாக்கால் இழுத்து நேராக்கிய ஜாயின்டாக இருந்தால், கிளாம்பைக் கழற்றிய உடனே அந்த இழுவையும் ரூட்டின் மீதே இறங்கும். இதனுடன் 6010 ராடின் செல்லுலோஸ் பூச்சிலிருந்து உலோகத்துக்குள் ஏராளமான ஹைட்ரஜனும் சேர்கிறது. குழாய் சூடாக இருந்தால் அது மெல்ல வெளியேறிவிடும்; ஆறிப்போனால் உள்ளேயே தங்கி, சில மணி நேரம் கழித்து விரிசலாக வெளிப்படும்.

ஆனால் உங்கள் விரிசல் இந்த வகைதானா என்பதை உறுதி செய்தாக வேண்டும், ஏனெனில் காலையில் கண்ணில் பட்டது என்பதாலேயே அது இரவில் உண்டானது என்று ஆகிவிடாது. பழுதான ஒரு ஜாயின்டை வெட்டி எடுத்து, விரிசல் வழியே உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் நீலமாகவோ கருமையாகவோ இருந்தால், உலோகம் உறையும்போதே காற்றுப் பட வாய் திறந்த சூட்டு விரிசல் அது. பெரும்பாலும் ரூட்டின் நடுக்கோட்டிலோ, ராடை எடுத்த குழியிலோ தொடங்கும். வேகமாக ஓட்டிப் போட்ட மெலிந்த, குழிந்த ரூட்டே அதற்கு வழக்கமான காரணம். வேகத்தைக் குறைத்து, குழியை நிரப்பி, குழாய்களைப் பிடித்து நிறுத்தப் போட்ட சிறு வெல்டான டேக்கின் இரு முனைகளையும் கிரைண்டரால் சரிவாக இழைத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். முகம் துருவோ நிறமோ இன்றிப் பளிச்சென்று இருந்தால், ஹைட்ரஜனால் வந்த குளிர் விரிசலைச் சந்தேகியுங்கள்.

அப்படியானால் குழாயின் உலோகக் கலவையைக் காட்டும் மில் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஏ106 பி-யில் கார்பன் 0.30 சதவீதம் வரையும் மாங்கனீஸ் 1.06 சதவீதம் வரையும் இருக்கலாம். மாங்கனீஸை ஆறால் வகுத்துக் கார்பனுடன் கூட்டினால், அந்த உச்ச அளவுகளில் கார்பன் ஈக்விவலன்ட் (எஃகு கடினமாகி விரிசல் விடும் போக்கைக் காட்டும் எண்) 0.47-ஐத் தாண்டும். அந்த அளவை நெருங்கும் குழாய்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் முன்சூடு கொடுப்பது என் பரிந்துரை. மழைக்காலக் காலை வேளையில் எல்லாக் குழாய்களையுமே ஈரம் போகும்வரை சூடாக்கத்தான் வேண்டும். சுடர் படும் இடத்தில் அளக்காமல், ஜாயின்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி வெப்பச் சாக்பீஸால் (குறித்த வெப்பநிலையில் உருகும் குச்சி) அளவிடுங்கள்.

ரூட் முடிந்ததும், சூடு தணியும் முன்பே இரண்டாம் அடுக்கான ஹாட் பாஸைப் போட்டுவிடுங்கள். மாலையில் நேரமில்லை என்றால் அன்று அந்த ஜாயின்டைத் தொடங்கவே வேண்டாம். தொடங்கியதை இரண்டு அடுக்குகளாவது முடிக்காமல் கிளாம்பையோ தாங்கலையோ அசைக்கக் கூடாது.

ஓவனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலர்த்தி எடுக்க வேண்டியது 7018 மட்டுமே. 6010 ராடின் பூச்சுக்குச் சிறிது ஈரம் தேவை. அதை ஓவனில் வாட்டினால் ஆர்க்கின் குணமே மாறிவிடும். அதை மூடிய டப்பாவில் வைத்தாலே போதும்.

விரிசல் விழுந்த ரூட்டின் மேல் ஒருபோதும் அடுத்த அடுக்கைப் போட்டு மூடாதீர்கள். முழுவதும் கிரைண்ட் செய்து, விரிசல் முனை மறைந்ததை, விரிசலுக்குள் ஊறும் வண்ணத் திரவத்தைப் பூசிப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனையில் உறுதி செய்து, அந்தத் திரவத்தைச் சுத்தமாகத் துடைத்த பிறகே மீண்டும் வெல்டிங் செய்யுங்கள். குளிர் விரிசல் தாமதித்து வரக்கூடியது என்பதால், இறுதிச் சோதனையை வேலை முடிந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.