வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்த உதவும் மென்பொருள்) தளத்தைப் பழைய எடிட்டருக்கே திருப்பிக்கொள்ளலாமா? போட்ட பதிவுகள் கெட்டுப்போகுமா?

தாராளமாகத் திருப்பிக்கொள்ளலாம். பதிவுகள் கெடாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது, அதைக் கீழே சொல்கிறேன். நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் உங்களுக்காகக் கேட்கவில்லை, வீட்டிலோ சங்கத்திலோ எழுதுகிற ஒரு பெரியவருக்காகக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இதற்கு ஒரு நண்பர் "காலத்தோடு ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கும்பகோணத்தில் டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பிறகு நாலைந்து பேருக்கு வெப்சைட். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாரம் ஒரு பழம்பாட்டு, அதற்கு அவருடைய விளக்கம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையை வைத்துக்கொண்டு கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அடிப்பார். பழைய எடிட்டரில் 'விஷுவல்' பக்கம் அவர் போனதே இல்லை, எல்லாம் 'டெக்ஸ்ட்' டேபில்தான். அங்கே ஒரு தடவை என்டர் தட்டினால் அடுத்த வரி, இரண்டு தடவை தட்டினால் அடுத்த பத்தி. மெஷினில் லீவரைத் தள்ளுகிற அதே கணக்கு.

2018 ஆகஸ்டில் வேர்ட்பிரஸின் 4.9.8 பதிப்பு வந்தபோதே, குட்டன்பர்க் என்ற புது எடிட்டரை முயன்று பாருங்கள் என்று டாஷ்போர்டில் ஒரு பெட்டி வந்தது. மூடிவிட்டேன். டிசம்பர் 6ஆம் தேதி அந்தப் புது எடிட்டரோடு 5.0 வந்தது. அப்டேட் பட்டனை அழுத்தியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பொங்கல் மலர் வேலை ஓடிக்கொண்டிருந்த நேரம் வேறு.

மறுநாள் காலை போன். "தம்பி, பாட்டெல்லாம் துண்டு துண்டா நிக்குதே?"

புது எடிட்டரில் ஒவ்வொரு என்டருக்கும் ஒரு புது பிளாக், அதாவது தனிப் பெட்டி. குறளின் இரண்டு அடிக்கும் நடுவே ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் வரிகள் சேர்ந்து நிற்கும் என்று போனிலேயே சொன்னேன். அவரும் முயன்றார். நாற்பது வருடம் பழகிய விரல் கேட்கவில்லை. இன்னொன்று, பப்ளிஷை அழுத்தினால் பக்கத்தில் ஒரு பலகை திறந்து மறுபடியும் பப்ளிஷ் என்று கேட்கும். அவர் முதல் தடவையிலேயே போட்டாச்சு என்று எழுந்து போய்விடுவார். மூன்றாவது வாரம் எழுதவே இல்லை. கண் சரியில்லை என்றார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே பழைய எடிட்டரைத் திருப்பிக் கொண்டுவரும் கிளாசிக் எடிட்டர் என்ற பிளக்இன்னை (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கிற சிறு மென்பொருள்) போட்டேன். அதே பெயரின் சாயலில் வேறு சிலவும் இருக்கும். உருவாக்கியவர் 'வேர்ட்பிரஸ் காண்ட்ரிபியூட்டர்ஸ்' என்று இருப்பதைப் பார்த்துப் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ரைட்டிங். அங்கே எல்லோருக்கும் எந்த எடிட்டர் என்பதற்கு கிளாசிக். எழுதுபவர் மாற்றிக்கொள்ள அனுமதியா என்பதற்கு எஸ். இந்த எஸ் முக்கியம். எந்தப் பதிவை எதில் திறந்தோம் என்பதை அது தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் பாட்டு வந்துவிட்டது.

இப்போது அந்தக் கை வைக்கக் கூடாத இடம். நடுவில் நான் தொடர்புப் பக்கத்தை பிளாக்கில் பக்கவாட்டில் இரண்டு பாகமாகப் பிரித்துச் செய்திருந்தேன். போன் நம்பர் மாற்ற அதைப் பழைய எடிட்டரில் திறந்தேன். டெக்ஸ்ட் டேபில் பார்த்தால் பத்திக்குப் பத்தி என்னவோ குறிப்பு வரிகள். குப்பை என்று நினைத்துச் சிலவற்றை அழித்துவிட்டேன். அந்த வரிகளை வைத்துத்தான் பிளாக் எடிட்டர் எது எந்தப் பிளாக் என்று அடையாளம் கண்டுகொள்கிறது. மறுபடி பிளாக்கில் திறந்தால் உள்ளடக்கம் சரியில்லை என்று ஒரே எச்சரிக்கை. ரிவிஷன்ஸில் பழைய பிரதி இருந்ததால் பிழைத்தேன். ஆகவே பிளாக்கில் கட்டிய பக்கத்தை பிளாக்கிலேயே திருத்துங்கள். வெறும் எழுத்தும் படமும் உள்ள பதிவென்றால் பயமில்லை.

புது எடிட்டர் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 2018க்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது, தெரியும். கடைக்கான பக்கங்களை நானே அதில்தான் செய்கிறேன். பழைய பிளக்இன் என்றைக்காவது நின்றுவிடும் என்பார்கள். வேர்ட்பிரஸ்காரர்கள் முதலில் 2021 முடிகிறவரை என்றுதான் சொன்னார்கள், பிறகு அவர்களே நீட்டித்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிற ஒன்று. நிறுத்தினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

அச்சுப் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7 வந்தது 2001இல். எங்கள் தெரு அச்சகத்தில் இன்றைக்கும் அதில்தான் பத்திரிகை லே-அவுட் நடக்கிறது. அழைப்பிதழை வாங்கிக்கொண்டு போகிற யாரும், நீ ஏன் இன்னும் அதிலேயே இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கு என்றால் பிளக்இன் போட வழியில்லை, அதை முதலில் பாருங்கள். சொந்த ஹோஸ்டிங் என்றால் பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். 5.8 பதிப்பிலிருந்து விட்ஜெட் (தளத்தின் ஓரத்திலும் அடியிலும் வைக்கிற சிறு பெட்டிகள்) பக்கமும் பிளாக்குக்கு மாறிவிட்டது. அதைத் திருப்ப கிளாசிக் விட்ஜெட்ஸ் என்று தனி பிளக்இன் இருக்கிறது. எடிட்டரை மாற்றிய பிறகும் விட்ஜெட் ஏன் இப்படி நிற்கிறது என்று என்னைப் போல அரை நாள் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.